அம்மிச்சி பாம்புக்குன்னு வச்ச கொடில இப்ப ஒரே புழு, பிடுங்கிடலாமா? பூக்கதை தெரிஞ்சவங்களும் வாங்க

கல்லாறு பேத்தி:

எல்லாருக்கும் வணக்கமுங்க. எங்க அம்மிச்சி ஊடு மேட்டுப்பாளையம் தாண்டி கல்லாறு போற வழில பாக்குத்தோப்பை ஒட்டி இருக்கு, தோப்புக்குப் பொறவு நேரா மலைதான். போன ஆடில அம்மிச்சி தவறிட்டாங்க. இப்ப மாமா வீட்டைச் சரிபண்ணி சுத்தியும் காம்பவுண்ட் சுவர் எடுக்கலாம்னு இருக்காரு, அதுக்குப் பழைய வேலியச் சுத்தமா எடுக்கோணும். அந்த வேலில ஈஸ்வரமூலின்னு ஒரு கொடி, அம்மிச்சி கைல வச்சது, எனக்கு விவரம் தெரிஞ்ச நாள்ல இருந்து அங்கதான் இருக்கு. இது இருந்தா பாம்பு இந்தப் பக்கம் தலை வச்சுப் படுக்காதுன்னு சொல்லுவாங்க, அதோட வேரை நூல்ல கோத்து வாசப்படி நிலைல கூட கட்டி வச்சிருந்தாங்க.

போன வாரம் போய்ப் பாத்தா கொடி முழுக்கப் புழு. கன்னங்கரேல்னு, உடம்பெல்லாம் ஆரஞ்சும் சிவப்புமா முள்ளு முள்ளா கொழுப்பு மாதிரி நீட்டிக்கிட்டு, பாத்ததும் எனக்கு மேலெல்லாம் அரிக்கற மாதிரி ஆயிருச்சு. மாமா மருந்தடிச்சிரலாம்ங்கறாரு, மேஸ்திரி எப்படியும் பிடுங்கத்தான போறோம் எதுக்கு மருந்துங்கறாரு. எனக்கு ரெண்டுக்கும் மனசு வரல.

அம்மிச்சிக்கு எந்தச் செடியப் பாத்தாலும் ஒரு கதை இருக்குமுங்க. கார்த்திகைப்பூவ உத்துப் பாக்காத கண்ணு நோவு வரும்பாங்க. தைநோம்பிக்கு முந்தின நாள் காப்புக்கட்டுக்கு வேப்பிலை, பூளைப்பூ, ஆவாரம்பூ மூணையும் சேத்துக் கட்டி கூரைலயும் மாட்டுக்கொட்டாய்லயும் சொருகறப்ப, ஆவாரை பூத்திருக்க சாவாரைக் கண்டதுண்டோன்னு ஒரு ராகத்தோட சொல்லிக்கிட்டே சொருகுவாங்க. வீட்டுக்குள்ள பட்டாம்பூச்சி வந்துட்டா விரட்ட விடமாட்டாங்க, யாரோ பழையவங்க நம்மளப் பாக்க வந்திருக்காங்கன்னு விளக்கைத் தணிச்சு வச்சிட்டு கம்முனு உக்காந்திருவாங்க. இப்ப அவங்க போன பொறவு இதையெல்லாம் எழுதி வைக்காம விட்டுட்டமேன்னு இருக்கு.

அதனால ரெண்டு கேள்விங்க. ஒண்ணு இந்தப் புழு என்ன, கொடிய என்ன பண்றது. இன்னொண்ணு, உங்க பக்கம் காட்டுப்பூவுக்கும் பட்டாம்பூச்சிக்கும் பெரியவங்க என்ன சொல்லுவாங்க, ஞாபகம் இருக்கறத எழுதுங்க, எவ்வளவு சின்னதா இருந்தாலும் பரவால்ல.

மலையடிவாரம்:

மருந்து மட்டும் அடிச்சிராதீங்க ப்ளீஸ், முதல்ல அதை மாமாகிட்ட சொல்லிட்டு வந்து மிச்சத்தைப் படிங்க.

நீங்க சொல்ற அடையாளத்த வச்சுப் பாத்தா அது கிரிம்சன் ரோஸ்ங்கற பட்டாம்பூச்சியோட புழு, தமிழ்ல சிவப்புடல் அழகின்னு சொல்றாங்க. கருப்பு ரெக்கைல வெள்ளைப் பட்டை, கீழ் ரெக்கைல குங்குமப் பொட்டு வச்ச மாதிரி வரிசையா சிவப்பு, உடம்பும் ரத்தச் சிவப்பு. புழுவோட நடு உடம்புல ஒரு வெள்ளைப் பட்டை குறுக்கால ஓடுதான்னு நல்லா பாருங்க, ஓடுச்சுன்னா அது காமன் ரோஸ், அதுவும் இதே கொடிதான் திங்கும். புழு ரொம்பப் பெருசா, பட்டை சாய்வா இருந்துச்சுன்னா உங்களுக்கு அதிர்ஷ்டம், அது பொன்னழகியா இருக்கலாம், நம்ம தென்னிந்தியாவுலயே பெரிய பட்டாம்பூச்சி, கருப்பு ரெக்கைக்குக் கீழ மஞ்சப்பொடி கொட்டின மாதிரி ரெண்டு ரெக்கை, ரெக்கைய விரிச்சா பெரியவங்க உள்ளங்கையவிட அகலம். கல்லாறுல இருந்து பர்லியார் வரைக்கும் மலையேறுற அந்த ரோட்டுல மரத்து உச்சில மெதுவா மிதந்து போறத நான் எத்தனையோ தடவ பாத்திருக்கேன், ஒரு தடவ பஸ்ஸ விட்டுட்டு நின்னு பாத்தேன்.

இந்த மூணுக்குமே குழந்தை வளக்கறதுக்கு ஈஸ்வரமூலி குடும்பம்தான் வேணும், வேற இலைய வச்சா புழு பட்டினி கெடந்து சாகுமே தவிர வாய் வைக்காது. பட்டாம்பூச்சி எந்தப் பூவுலயும் தேன் குடிச்சிக்கும், ஆனா முட்டைய மட்டும் தன் குட்டி திங்கற செடியத் தேடிப் புடிச்சு, முன்காலால இலையத் தட்டித் தட்டி ருசி பாத்து, இதுதான்னு உறுதியான பொறவுதான் வைக்கும். உங்க அம்மிச்சி வேலி ஒரு பிரசவ வார்டு மாதிரின்னு வச்சுக்கோங்க.

அந்தச் சிவப்பு முள்ளு குத்தாது, அரிக்காது, வெறும் சதைதான், கைல எடுக்கலாம். ஆனா அந்தச் சிவப்பு ஒரு எச்சரிக்கை. கொடில இருக்கற அரிஸ்டோலோகிக் அமிலம்ங்கற விஷத்தப் புழு தின்னு தன் உடம்புல சேத்து வச்சுக்கும், புழு பூச்சியான பொறவும் அது உடம்புலயே இருக்கும், ஒரு தடவ கொத்துன குருவி மறுபடி அந்தச் சிவப்பப் பாத்தாலே விலகிப்போயிரும். இதுல இன்னொரு அதிசயம் இருக்கு, நம்ம கறிவேப்பிலைச் செடில வளருற காமன் மார்மன்ங்கற பட்டாம்பூச்சி இருக்குல்ல, அதுல சில பொண்ணுங்க ரெக்கைல சிவப்புப் பொட்டோட அப்படியே இந்த ரோஸ் மாதிரியே இருக்கும். விஷம் கிடையாது, வேஷம் மட்டும்தான். ஆம்பளைங்க வேஷமே போடறதில்ல. எப்படிக் கண்டுபுடிக்கறதுன்னா உடம்பப் பாருங்க, ரெக்கை எவ்வளவு ஒத்துப்போனாலும் மார்மனோட உடம்பு கருப்புதான், ரோஸோட உடம்புதான் சிவப்பு.

பாம்பு விஷயம்: இந்தக் கொடி இருந்தா பாம்பு வராதுங்கறதுக்கு ஆதாரம் எதுவும் இல்லீங்க, உங்க பக்கம் பாக்குத்தோப்புல கீழ பாத்து நடங்க, கடிச்சா வேரை அரைச்சுக்கிட்டு உக்காராம நேரா ஆஸ்பத்திரிக்குப் போங்க. வேரக் கஷாயம் வச்சுக் குடிக்கறதும் வேண்டாம், அதே அமிலம் நம்ம சிறுநீரகத்தக் காலி பண்ணும், புற்றுநோயும் வரும். 1990-கள்ல பெல்ஜியத்துல உடம்பு இளைக்கறதுக்குக் குடுத்த மூலிகைல இந்தக் குடும்பத்துச் செடி ஒண்ணு கலந்து நிறைய பொம்பளைங்களுக்கு கிட்னியே போச்சு. பாக்கறதுக்கும் வளக்கறதுக்கும்தான் இந்தக் கொடி, குடிக்கறதுக்கு இல்ல.

ஆனா ஒண்ணு சொல்றேன், பாம்புக் கதை நெசமோ இல்லையோ, அந்தக் கதைதான் இத்தன வருசம் அந்தக் கொடிய வேலில காப்பாத்தி வச்சிருக்கு. உங்க அம்மிச்சி வேலில சிவப்புடல் அழகி எத்தன தலைமுறை பொறந்து போச்சோ.

கொடிய எடுத்தே ஆகணும்னா இப்ப எடுக்காதீங்க, இந்தப் புழுவெல்லாம் கூட்டுப்புழு ஆகிப் பறந்து போகட்டும், நல்ல மழை பெஞ்ச பொறவு வேரோட பெயர்த்து வேற எடத்துல வைங்க. காய் இருக்கான்னும் பாருங்க, காஞ்சு வெடிச்சா அடில இருந்து மேல பிரிஞ்சு குட்டி உறி தொங்கற மாதிரி இருக்கும், உள்ள தட்டை தட்டையா விதை அடுக்கி வச்சிருக்கும், காத்துல பறந்து போறதுக்கு முன்னாடி எடுத்து வச்சுக்கோங்க. எனக்கும் நாலு விதை குடுத்தா நல்லாருக்கும்.

தேரிக்காட்டான்:

தங்கச்சி, நான் திருச்செந்தூர் பக்கம், எங்க ஊருல பட்டாம்பூச்சின்னு யாரும் சொல்ல மாட்டாவ, பாப்பாத்திதான். சின்னதுல எருக்கஞ்செடிகிட்ட போயி பாப்பாத்தி புடிக்கதுதான் எங்களுக்கு வேலை. எங்க ஆச்சி பாத்துட்டாவன்னா, ஏல எருக்கம்பாலு கண்ணுல பட்டா கண்ணு அவிஞ்சி போவும் அங்கன என்னல வேலைன்னு கம்ப எடுத்துக்கிட்டு வருவாவ. கண்ணுக்கு அந்தப் பாலு நெசமாவே ஆவாது, அதுல ஆச்சி சொன்னது சரிதான்.

எருக்குக்கு எங்க பக்கம் இருக்க மரியாதை ரெண்டுங்கெட்டான் மரியாதை. பிள்ளையார் சதுர்த்திக்கு எருக்கம்பூ மாலை இல்லாம பிள்ளையார் கெடையாது, ரதசப்தமி அன்னைக்கு எருக்கலைய தலைலயும் தோள்லயும் வச்சித்தான் குளிக்கணும். அதே எருக்கு வீட்டு முத்தத்துல முளைச்சா வீடு விளங்காதுன்னு உடனே பிடுங்குவாவ, ஒருத்தனத் திட்டணும்னா உன் வீட்டுல எருக்கு முளைக்கன்னு மண்ண வாரி விடுவாவ. ஆளில்லாம இடிஞ்சி கெடக்க வீட்டுலதான் எருக்கு முளைக்கும்லா, அதனால வந்த பேச்சா இருக்கும்னு நான் நினைக்கேன். சங்க காலத்துலயே அப்படித்தான் இருந்திருக்கு, காதல் கைகூடாதவன் எருக்கம்பூ கண்ணியத் தலைல சூடிக்கிட்டு பனைமடல்ல செஞ்ச குதிரைல ஊருக்குள்ள வருவான், மானத்த விட்டவன் சூடுற பூ. அதே காலத்துல கபிலர் புறநானூத்துல, நல்ல பூவு கெட்ட பூவுன்னு எதுலயும் சேராத எருக்கா இருந்தாலும் ஒருத்தன் அன்பா குடுத்தா கடவுள் வேண்டாம்னு சொல்ல மாட்டாருன்னு பாடி வச்சிருக்காரு. எனக்குப் பள்ளிக்கொடத்துல படிச்சதுல இன்னைக்கும் மனசுல நிக்கது இது ஒண்ணுதான்.

அந்த எருக்குல வளருத பாப்பாத்திக்கு வெந்தய வரியன்னு பேராம், பிளெயின் டைகர்ங்காவ இங்கிலீஷ்ல. ஆரஞ்சு ரெக்கை, ஓரத்துல கருப்பு, நுனில வெள்ளைப் புள்ளி. புழுவு கருப்பு மஞ்ச வெள்ளைன்னு வளையம் வளையமா, முதுகுல கொம்பு மாதிரி மூணு சோடி. அது இலையத் திங்க முன்ன ஒரு காரியம் செய்யும் பாத்திருக்கியளா, நரம்பக் கடிச்சி விட்டுட்டுக் கொஞ்சம் பொறுத்திருக்கும், பாலு வடிஞ்சி குறைஞ்ச பொறவுதான் அந்தப் பக்கத்து இலையத் திங்கும். பால் நிறைய வந்தா சின்னப் புழு வாய் ஒட்டிச் செத்துப் போவுமாம். எங்க ஆச்சி பயந்த பாலுக்கு அந்தப் புழுவும் பயந்துதான் இருந்திருக்கு, இது தெரிஞ்சப்ப எனக்குக் கண்ணுல தண்ணி வந்துட்டு, எதுக்குன்னு எனக்கே தெரியல, ஆச்சி இருந்தா சொல்லிருப்பேன்.

உங்க ஈஸ்வரமூலிக்குத் தம்பி ஒருத்தன் எங்க கரிசக்காட்டுல கெடக்கான், ஆடுதின்னாப்பாளை. பேருலயே இருக்குல்லா, வெள்ளாடு கூட வாய வைக்காது. அதுலயும் அந்தச் சிவப்புக்காரி முட்டை வைப்பா.

சோலைக்காடு:

எல்லாரும் நல்லா எழுதிருக்கீங்க, ஆனா மலையடிவாரம் சொன்னதுல ஒரு விஷயத்துல எனக்கு உடன்பாடு இல்ல. கதை செடியக் காப்பாத்துச்சுன்னு சொல்றீங்க, எங்க பக்கம் கதையே செடிய அழிச்சதையும் நான் கண்ணால பாத்துட்டேன். வெள்ளெருக்கு வேர்ல பிள்ளையார் செஞ்சு வீட்ல வச்சா பணம் வரும்னு ஒரு பேச்சு கிளம்பி, எங்க ஊரு ஏரிக்கரைல இருந்த வெள்ளெருக்கு அத்தனையும் ஒரே வருசத்துல தோண்டிட்டாங்க. வேரத் தோண்டினா செடி ஏது? புல்லுருவிய மாந்திரீகத்துக்குன்னு அமாவாசை ராத்திரில ஏறி வெட்டுறாங்க. அந்தப் புல்லுருவி இலைலதான் ஜெசபெல்னு ஒரு பட்டாம்பூச்சி வளரும், மேல பாத்தா வெள்ளை, ரெக்கைய மடக்கினா மஞ்சளும் சிவப்புமா கோலப்பொடி மாதிரி, எங்க வீட்டு வேப்பமரத்து உச்சிலயே சுத்தும். புல்லுருவி மரத்துக்குக் கெடுதல்தான், ஆனா காட்டுல அதுவும் கொஞ்சம் இருக்கணும்.

கார்த்திகைப்பூவ எடுத்துக்கோங்க. செங்காந்தள், நம்ம மாநிலப் பூ, முருகனுக்குச் சூட்டுற பூ, எவ்வளவு பெருமை. கிழங்கு கலப்பை மாதிரி வளைஞ்சிருக்கும்னு கலப்பைக்கிழங்குன்னும் பேரு, கண்வலிக்கிழங்குன்னும் பேரு. முழுச் செடியும் விஷம், கிழங்கத் தின்னு உயிர விட்டவங்க கதை எல்லா ஊர்லயும் இருக்கும். உத்துப் பாத்தா கண்ணு நோகும்னு அம்மிச்சி சொன்னது பிள்ளைங்கள அதுகிட்ட அண்ட விடாம இருக்கத்தான்னு எனக்குத் தோணுது, தொட்டுட்டு கண்ணக் கசக்கிட்டா என்ன ஆகறதுன்னு பயந்திருப்பாங்க. இருந்தும் மருந்துக்குன்னு காட்டுல தோண்டித் தோண்டி எங்க மலைல இப்ப தேடித்தான் பாக்கணும். ஒட்டன்சத்திரம், மூலனூர், ஜெயங்கொண்டம் பக்கமெல்லாம் வயல்ல பந்தல் போட்டு வளக்கறாங்க, விதைய ஏத்துமதி பண்றதுக்கு, அதுல இருக்கற கோல்ச்சிசின்தான் கீல்வாதத்துக்கு மாத்திரையா வருது.

நான் ஒரு சொந்தக்காரங்க தோட்டத்துக்குப் போனப்ப பாத்தது மறக்கவே இல்ல. விடியக்காலைல பொம்பளைங்க வரிசையா நின்னு ஒவ்வொரு பூவா தொட்டுக்கிட்டு இருந்தாங்க. என்னக்கா பண்றீங்கன்னா, மகரந்தம் தடவறோம் கண்ணுன்னாங்க. அந்தப் பூவ நல்லா கவனிங்க, இதழெல்லாம் நெருப்பு மாதிரி மேல மடங்கிருக்கும், மகரந்தம் சுத்தி வட்டமா நீட்டிக்கிட்டு இருக்கும், சூல்முடி இருக்கற தண்டு மட்டும் அதுக்கெல்லாம் ஒதுங்கி ஒரு பக்கமா மடங்கி வெளிய நீட்டும். தன்னோட மகரந்தம் தன்மேலயே விழ வேண்டாம்னு பூ செஞ்சுக்கிட்ட ஏற்பாடு. பெரிய ரெக்கை உள்ள பட்டாம்பூச்சியோ தேன்சிட்டோ வந்து உரசிட்டுப் போனாத்தான் காய் புடிக்கும். ஒரே செடிய ஏக்கர் கணக்குல வச்சு மருந்தும் அடிச்சா அங்க எந்தப் பட்டாம்பூச்சி வரும்? அதோட வேலைய அந்தக்கா விரலால செஞ்சுக்கிட்டு இருந்தாங்க, அதுவும் கூலிக்கு.

இன்னொண்ணும் சொல்லணும், உண்ணிச்செடி. ரோட்டோரமெல்லாம் கலர் கலரா பூத்து, பட்டாம்பூச்சி எப்பவும் மொய்ச்சுக்கிட்டு இருக்கறதால அது நல்லதுன்னு நெறய பேர் நினைக்கறாங்க. வெள்ளைக்காரங்க அழகுக்குக் கொண்டுவந்து வச்சது, இப்ப முதுமலை, சத்தியமங்கலம் காட்டுக்குள்ள யானை நுழைய முடியாத அளவுக்குப் புதர் மண்டிக் கெடக்கு. தேன் குடுக்கும், சரி. ஆனா நம்ம பட்டாம்பூச்சிங்க குட்டி திங்கறதுக்கு அதுல ஒரு இலை கிடையாது, இலை குடுக்கற செடி முளைக்கறதுக்கு எடமும் விடாது. பூ மட்டும் இருந்தா போதாதுங்க, இலை வேணும். ஹோட்டல் மட்டும் கட்டிட்டு வீட்டையெல்லாம் இடிச்சா ஊரு என்ன ஆகும்?

மலையடிவாரம்:

சோலைக்காடு சொல்றத ஒத்துக்கறேன், நான் பாதியத்தான் சொன்னேன். தொடாதேன்னு சொல்ற கதை காப்பாத்தும், தோண்டி எடுத்தா பலன்னு சொல்ற கதை அழிக்கும்னு வேணா பிரிச்சுக்கலாமா? அதுவும் முழுசா சரியா வரல, ஏன்னா ஈஸ்வரமூலி வேருக்கும் பலன் சொன்னாங்க, இருந்தும் வேலில வச்சு வளத்தாங்க. வளத்து எடுத்தவங்களுக்கும் காட்டுல போய் எடுத்தவங்களுக்கும் வித்தியாசம் இருக்குன்னு நினைக்கறேன்.

நம்ம மாநிலப் பட்டாம்பூச்சி தமிழ் மறவன், 2019-ல அறிவிச்சாங்க, அதோட புழு திங்கறதும் ஒரு மருந்து மரத்து இலைதான். நீரடிமுத்து, மரவெட்டின்னும் சொல்லுவாங்க, அந்தக் கொட்டைல எடுக்கற எண்ணெயத்தான் ஒரு காலத்துல தொழுநோய்க்குத் தடவுனாங்க. ஆவாரைலயும் அப்படித்தான், வெளிறின பச்சைல ஒரு வெள்ளைப் பூச்சி சர்ருனு போகும், மாட்டில்ட் எமிக்ரண்ட், அதுக்கு ஆவாரை இலைதான் சாப்பாடு. ரோட்ட அகலப்படுத்தறப்ப ஓரத்துல இருக்கற ஆவாரைய ஜேசிபி வச்சு வழிச்சு எடுத்துட்டு அங்க அரளி நடறாங்க, காப்புக்கட்டுக்கு இப்ப டவுன்ல ஆவாரம்பூவ காசு குடுத்து வாங்க வேண்டியிருக்கு.

வன்னிப்பிள்ளை:

வணக்கம். நான் வவுனியா. எங்கட பக்கம் வண்ணாத்திப்பூச்சி எண்டுதான் சொல்லுறது. நீங்கள் எழுதினதுகளை வாசிக்க அம்மம்மாவின்ர ஞாபகம் வந்திட்டுது. கார்த்திகைப்பூ மழை தொடங்கினாப் பிறகு வேலியெல்லாம் ஏறிப் பூக்கும், கிட்டப் போகாதை எண்டு எங்களுக்கும் சொன்னவை, ஆனா கண்ணுக்கு எண்டு இல்லை, கிழங்கு நஞ்சு எண்டுதான்.

வண்ணாத்திப்பூச்சிக்கு எங்கட நாட்டில பெரிய கதை ஒண்டு இருக்கு. சிவனொளிபாதமலை தெரியும்தானே, மலை உச்சியில பாதம் இருக்கு, சைவ ஆக்கள் சிவன்ர பாதம் எண்டும் பௌத்த ஆக்கள் புத்தற்றை பாதம் எண்டும் முஸ்லிம் ஆக்கள் ஆதாம்ன்ர பாதம் எண்டும் கும்பிடுகினம். சிங்களத்தில அதுக்கு சமனல கந்த எண்டு ஒரு பேர், வண்ணாத்திப்பூச்சி மலை எண்டு அர்த்தம். சமன் தெய்வத்தின்ர மலை எண்டும் சொல்லுவினம். மார்கழிப் பறுவத்தில (முழுநிலா நாளில) இருந்து வைகாசிப் பறுவம் மட்டும் சனம் மலை ஏறும், அந்தக் காலத்தில வண்ணாத்திப்பூச்சிகளும் கூட்டம் கூட்டமாப் பறந்து போகும், அதுகளும் பாதத்தைக் கும்பிடத்தான் போகுதுகள், கும்பிட்டிட்டு அங்கேயே உயிரை விடுகுதுகள் எண்டு அம்மம்மா சொல்லுவா. நான் பள்ளிக்கூடத்தோட ஏறினபோது படியில செத்துக் கிடந்ததுகளைக் கண்டனான், மிதிக்காமல் காலைத் தூக்கித் தூக்கி வைச்சு ஏறினது இன்னும் காலில இருக்கிற மாதிரி.

கல்லாறு பேத்தி:

இவ்வளவு எழுதுவீங்கன்னு நினைக்கவே இல்லீங்க, மாமாவுக்கு உக்கார வச்சுப் படிச்சுக் காட்டினேன். வன்னிப்பிள்ளை எழுதினதப் படிச்சதும் ஒண்ணு கேக்கத் தோணுச்சு. எங்க ஊர்லயும் ஐப்பசி பக்கமா ஒரு நாள் காலைல கருப்பும் நீலக்கோடுமா பூச்சி நூத்துக்கணக்குல மலையப் பாத்து போய்க்கிட்டே இருக்கும், முடியவே முடியாது. அம்மிச்சி அதப் பாத்துட்டு, மழைக்குச் சொல்லிட்டுப் போகுதுக பாருன்னுவாங்க. அது எங்க போகுது? செடி ஒண்ணு, மஞ்சப்பூ பூத்து காய் ஆட்டினா கிலுகிலுன்னு சத்தம் வருமே, அது காஞ்சு கெடந்தாலும் அதையே சுத்திக்கிட்டு உக்காந்திருக்குமே, அது எதுக்கு?

மலையடிவாரம்:

அம்மிச்சி சரியாத்தான் பாத்திருக்காங்க. நீல வரியனும் வெண்புள்ளிக் கருப்பனும் அதோட சொந்தக்காரங்களும் சேந்து போற கூட்டம் அது. சித்திரை, வைகாசில தென்மேற்குப் பருவமழை மலைல அடிச்சுக் கொட்டறதுக்கு முன்னாடி மேற்குத்தொடர்ச்சி மலைய விட்டுக் கிழக்க சமவெளிக்கும் சேர்வராயன், கொல்லிமலைப் பக்கமும் வரும். அங்க இனப்பெருக்கம் பண்ணி, புரட்டாசி ஐப்பசி வாக்குல அடுத்த தலைமுறை திரும்ப மேற்க போகும், நம்ம பக்கம் வடகிழக்கு மழை புடிக்கற நேரம் அது. போன பூச்சியும் திரும்பற பூச்சியும் ஒண்ணு இல்ல, வழி சொல்லிக்குடுக்க யாரும் இல்லாம திரும்பிப் போகுது.

நீங்க சொன்ன செடி கிலுகிலுப்பை. அதுல இருக்கற ஆல்கலாய்டுங்கற ஒரு வேதிப்பொருள் ஆம்பளப் பூச்சிக்கு வேணும், பொண்ணு பூச்சிய மயக்கற வாசனைய அதுல இருந்துதான் தயாரிச்சுக்கும், மிச்சம் எதிரிகிட்ட இருந்து காப்பாத்திக்க. அதனாலதான் காஞ்ச செடியக் காலால சுரண்டிச் சுரண்டி உறிஞ்சும். தேள்கொடுக்குச் செடிலயும் இதே கூட்டத்தப் பாக்கலாம், பூங்கொத்து தேள்வால் மாதிரி சுருண்டிருக்கும், தேள் கடிக்கு அதக் கட்டுவாங்க நம்ம ஊர்ல. ஆத்து மணல்ல ஈரத்துல கூட்டமா உக்காந்திருக்கறதும் பெரும்பாலும் ஆம்பளைங்கதான், உப்பு உறிஞ்சறதுக்கு.

சோலைக்காடு:

குறிஞ்சியப் பத்தி யாரும் சொல்லல, நானே சொல்லிடறேன். நீலக்குறிஞ்சி 12 வருசத்துக்கு ஒரு தடவ, 2006-ல கொடைக்கானல்ல எங்கப்பா தோள்ல உக்காந்து பாத்தேன், 2018-ல என் சம்பளத்துல அப்பாவக் கூட்டிட்டுப் போய்க் காமிச்சேன், அடுத்தது 2030. மலைமக்கள் தங்களோட வயசையே எத்தன குறிஞ்சி பாத்தேன்னு கணக்கு வச்சுச் சொல்லுவாங்களாம். முருகன் வள்ளியக் கட்டறப்ப குறிஞ்சி மாலைதான் போட்டாருன்னு முதுவர்கள் சொல்றாங்க. நீலக்குறிஞ்சிக்கு முக்கியமான ஆளு தேனீதான், பூத்த வருசம் தேன் எக்கச்சக்கமா கெடைக்கும். ஆனா குறிஞ்சி குடும்பத்துல வேற நிறைய செடி இருக்கு, அதுல சிலதோட இலைல புளூ ஓக்லீஃப்ங்கற பட்டாம்பூச்சி வளரும். ரெக்கைய மூடினா காம்பும் நரம்பும் போட்ட காஞ்ச இலைதான், தரைல உக்காந்தா கண்ணு முன்னாடியே காணாமப் போயிரும், திறந்தா நீலம். பூக்காத 11 வருசமும் அந்தப் புதருக்கு வேலை இருக்கு, ஆனா அப்ப யாரும் அதப் பாக்க மலையேறி வர்றதில்ல.

கல்லாறு பேத்தி:

மூணு வாரம் கழிச்சு வர்றேங்க. மாமா ஒத்துக்கிட்டாரு! சுவர் மூணு பக்கம்தான், மலையப் பாத்த பக்கம் பழைய வேலி அப்படியே இருக்கட்டும்னுட்டாரு, கொடி அங்கதான் இருக்குங்கறதால. மேஸ்திரிக்குத்தான் கொஞ்சம் வருத்தம். வாசப்படில தொங்கற வேரையும் அவுக்கல, அது அம்மிச்சி கட்டுனது.

புழுவுல வெள்ளைப் பட்டை இல்ல, நீங்க சொன்ன சிவப்புடல் அழகிதான். எண்ணி வச்சிருக்கேன், 14 இருந்துச்சு, இப்ப இலைல 3 தான் திரியுது, 6 கூட்டுப்புழு கண்டுபுடிச்சிருக்கேன், மீதி எங்க போச்சுன்னு தெரியல. ஒண்ணு பழைய கம்பி மேல நூல் கட்டிச் சாஞ்சு நிக்குது, சுருண்ட காஞ்ச இலை மாதிரியே. அது நேத்து வரைக்கும் பழுப்பா இருந்துச்சு, இன்னிக்குச் சாயங்காலம் பாத்தா கருத்துப் போச்சுங்க. செத்துப்போச்சா? மாமா கூட ரெண்டு தடவ டார்ச் அடிச்சுப் பாத்துட்டு வந்துட்டாரு.

மலையடிவாரம்:

மெதுவா பக்கவாட்டுல டார்ச் அடிச்சுப் பாருங்க, தொடாதீங்க. கருப்புக்குள்ள சிவப்புப் புள்ளி வரிசையா தெரிஞ்சுதுன்னா அது ரெக்கை, தோலு கண்ணாடி மாதிரி ஆயிருச்சுன்னு அர்த்தம், நாளைக்குக் காலைல வெளிய வந்துரும். வெயில் ஏறறதுக்கு முன்னாடியே போயிருங்க, வந்ததும் ரெக்கை ஈரத்துணி மாதிரி சுருங்கித் தொங்கும், அதுவா விரிஞ்சு காய ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும், அதுவரைக்கும் கோழிய மட்டும் அந்தப் பக்கம் விடாதீங்க.

கல்லாறு பேத்தி:

சிவப்பு தெரியுதுங்க. ஆறு புள்ளி எண்ணினேன். கோழியக் கூடைல போட்டுக் கவுத்தாச்சு.